இருநூற்று ஆறாவது சீட்டு

"பேனாவைத்தான் பிடிக்கச் சொல்றேன் ஸெனோன், துப்பாக்கியை இல்ல. ஆமான்னு போடுங்க, இல்லைன்னு போடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா போடுங்க!"

தொழிற்சங்கத் தலைவி தனுத்தா வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு துணி வெட்டும் பிரிவுக்கு வருவது அன்று நான்காவது முறை. பெட்டி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நூல்கண்டு வந்த அட்டைப்பெட்டி. மேலே ஒரு கீறல், சுற்றிலும் தொழிற்சங்க முத்திரை.

கார் இருக்கைக்கு உறை தைக்கும் அந்த ஆலையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். வேலைநிறுத்தம் என்றால் அதில் பாதிப் பேராவது வாக்களித்தாக வேண்டும். அது போலந்துச் சட்டம். அதனால் வேலைநிறுத்தம் வேண்டாம் என்கிறவர்கள் 'வேண்டாம்' என்று எழுதிப் போடுவதில்லை, பெட்டிப் பக்கமே தலைகாட்டுவதில்லை. வாயைத் திறக்காதவனுக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

தேவை இருநூற்று ஆறு. விழுந்தது இருநூற்று ஐந்து. இரண்டு மணிக்குப் பெட்டியை மூட வேண்டும். இப்போது ஒன்றே முக்கால்.

ஸெனோன் கத்தியின் அலகைத் துடைத்தபடியே பேசினார். "எண்பதுல எனக்கு இருபது வயசு. பஞ்சாலையில பதினொரு நாள் உட்கார்ந்தோம். ஜெயிச்சு, ஓட்டுப் போடுற உரிமையை வாங்கினோம். நாங்க ஓட்டுப் போட்டு அனுப்பினவங்க முதல் வேலையா பஞ்சாலையை வித்தாங்க. வாங்கினவன் மெஷினை லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டான். போதும்மா, நான் ஜெயிச்சது."

"இந்த முதலாளிங்களால அப்படி ஓட முடியாது. அரசாங்கம் சும்மா நிலம் கொடுத்து, வரியையும் தள்ளுபடி பண்ணியிருக்கு. 2031 வரைக்கும் ஆலையை நடத்தணும்னு ஒப்பந்தம். மூடினா வாங்கினதை எல்லாம் திருப்பிக் கட்டணும்."

"ஒப்பந்தத்தை நீ படிச்சியா?"

"அமைச்சரே மேடையில வாசிச்சாரே!"

"எத்தனை பக்கம் வாசிச்சார்?"

தனுத்தாவுக்கு எரிச்சல் மூண்டது. "அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? டைரக்டர் பஸ்ஸை நிறுத்தினான், பனியில ஆறு கிலோமீட்டர் நடக்கிறோம். கேன்டீன்ல சூப்பை நிறுத்தினான். ஈஸ்டர் கழிச்சுச் சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு வெட்டுவானாம். என் பொண்ணு ஏற்கெனவே ஜெர்மனியில கிழவங்களைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கா. நானும் போய் அவ பக்கத்துல நிக்கணுமா? எனக்கு இந்த ஊர்லயே, இந்த வேலையிலேயே இருக்கணும்."

ஸெனோன் மறுபடி அலகைத் துடைக்கத் தொடங்கினார். பேனாவைத் தொடவில்லை.

மணி ஒன்று ஐம்பத்தைந்து. படியிறங்கி வந்தவரைப் பார்த்ததும் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. டைரக்டர் வில்ச்செக். மூன்று நாளாகப் பெட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்.

"நானும் இங்க சம்பளக்காரன்தானே, தனுத்தா மேடம்? எனக்கும் ஒரு சீட்டுக் கொடுங்க. என் கருத்தையும் சொல்லிடறேன்."

பட்டியலில் கையெழுத்திட்டார். கையால் மறைத்து எழுதி, மடித்து, பெட்டியில் போட்டார். தலையசைத்துவிட்டுப் படியேறிவிட்டார்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஸெனோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடடா, படிச்ச மேதை! வேண்டாம்னு சொல்ல வந்து பாதிக்கணக்கை நிரப்பிக் கொடுத்துட்டுப் போறாரு! மேல சும்மா காபி குடிச்சுக்கிட்டு இருந்தா அவர்தானே ஜெயிச்சிருப்பார்!"

பெண்கள் மெஷின் மேஜைகளைத் தட்டினார்கள். யாரோ ஒருத்தி தனுத்தாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். தனுத்தாவும் அழுதாள்.

கேன்டீனில் சீட்டுகளைப் பிரித்தார்கள். ஸெனோன்தான் சாட்சி. "அந்த ஒத்தை 'இல்லை'யை எங்கிட்ட கொடு. கண்ணாடி போட்டு மாட்டணும்" என்று மேஜையில் அதற்குத் தனியாக இடமே ஒதுக்கி வைத்திருந்தார்.

எண்ணி முடித்தபோது அந்த இடம் காலியாகவே இருந்தது.

"தப்பா எண்ணியிருப்பே. திரும்ப எண்ணு."

திரும்ப எண்ணினாள். ஆமா, இருநூற்று ஆறு. இல்லை, பூஜ்யம்.

ஸெனோனின் சிரிப்பு நின்றது. "தனுத்தா, வேலைநிறுத்த அறிவிப்பை இன்னிக்குக் கொடுக்காதே. முதல்ல அந்த ஒப்பந்தத்தை முழுசா வாங்கிப் படி."

"இருநூத்தி ஆறு பேர் ஆமான்னு சொல்லிட்டாங்க. அதை மடியில கட்டி வச்சுக்க நான் யாரு?"

"அதுல ஒருத்தன் நம்ம ஆள் இல்லை!"

"ஓட்டுல நம்ம ஆள், அவன் ஆள்னு உண்டா? நீங்க போட்டிருந்தா அவர் ஓட்டு தேவைப்பட்டே இருக்காது."

ஸெனோன் தலையைக் குனிந்துகொண்டார்.

வேலைநிறுத்த அறிவிப்பை மாடியில் கொண்டுபோய் வைத்தாள். கத்துவார், மிரட்டுவார், பஸ்ஸை மட்டும் திருப்பித் தருகிறேன் என்று இழுப்பார் என எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். டைரக்டரோ அறிவிப்பை வாங்கிக்கொண்டார். தேதி போட்டு, முத்திரை குத்தி, நகலை அவள் கையில் கொடுத்தார். சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கிறவனைக் கண்டால் சந்தைக்காரன் உஷாராகிவிடுவான். தனுத்தா சந்தையில் நின்று பழகியவள் இல்லை. நெஞ்சு நிமிரப் படியிறங்கினாள்.

அவள் காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்து, டைரக்டர் தொலைபேசியை எடுத்தார்.

"முடிஞ்சுது சார். நாம மூடல, தொழிலாளிங்களே நிறுத்துறாங்க. அறிவிப்பு எழுத்துல கையில இருக்கு, வேலைநிறுத்தம் வந்தா ஒப்பந்தம் நம்மைக் கட்டுப்படுத்தாதுன்னு அதுலயே ஒரு பக்கம் இருக்கு, ஒரு காசும் திருப்பித் தர வேண்டாம். லாரிகளை அனுப்பிடுங்க... தாமதம்தான், மன்னிக்கணும், மூணு மாசமா சீண்டிப் பார்த்தேன், இவ்வளவு பொறுமைசாலிங்கன்னு நினைக்கவே இல்லை."