அடிப்பூண்

பித்தளைப் பூணை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினார் ஜெக்கரியா. மூங்கில் அடுக்குக்குப் பின்னால் வைரக்கண்ணு மெல்லக் குறட்டை விட்டான்.

எதிரே முக்காலியில் துரைராசு உட்கார்ந்திருந்தார்.

மிராசுதார். அவர் பண்ணையில் பிறந்து வளர்ந்தவன்தான் வைரக்கண்ணு. கூலி உயர்த்தாமல் அறுவடைக்கு ஆள் இறங்காது என்று சொல்லி, அப்படியே செய்தும் காட்டினான். இப்போது பண்ணை ஆட்கள் அவனை ஊர் ஊராகத் தேடுகிறார்கள். ஆட்சி மாறியிருந்தது, போலீஸ் என்னவோ பண்ணை வீட்டில்தான் சாப்பிட்டது. அகப்பட்டால் ஸ்டேஷன் வரை உயிரோடு போய்ச் சேரமாட்டான் என்று தரங்கம்பாடிக் கடைத்தெருவே பேசியது.

விடியலில் வந்து கதவைத் தட்டினான். வருஷக்கணக்காக மூங்கில் வெட்டிக் கொடுக்கிறவன். போ என்று சொல்ல வாய் வரவில்லை. சாக்கைப் போர்த்திப் படுக்க வைத்தார். படுத்தவன் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டான்.

காலையிலேயே இவர் வந்து நிற்பார் என்று யார் கண்டது?

துரைராசுவுக்கு முகத்துவாரத்தில் கொடுவா பிடிக்கிற பைத்தியம். தூண்டில் கோலை ஜெக்கரியாதான் கட்டித் தரவேண்டும். அடிப்பூண் மாட்டும்போது மட்டும் கூடவே இருந்து பார்ப்பார். மீன் இழுக்கையில் வயிற்றில் ஊன்றுகிற முனை அது. ஆடக்கூடாது.

பூணுக்குள் அரக்கு உருகியது. பூணைக் கோலில் செருகித் திருகினார் ஜெக்கரியா.

குறட்டை மறுபடி எழுந்தது.

சட்டென்று கொட்டாப்புளியை எடுத்துப் பூணைத் தட்டினார். தட்டினார். இன்னும் தட்டினார்.

"என்னய்யா, பூணு போடுறியா, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடிக்கிறியா?"

"இறுக்கமா இருக்கட்டும்னு பாத்தேங்க."

"அரக்கு புடிச்சா போதும், அடிச்சா மூங்கி பொளந்துடும்னு நீதானே சொல்லுவ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு சிரிப்பு நின்றது. ஜெக்கரியாவின் நெற்றி வேர்வையைப் பார்த்தார். மூங்கில் அடுக்கைப் பார்த்தார்.

குறட்டை அடங்கியிருந்தது. கர்த்தரே, கர்த்தரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார் ஜெக்கரியா.

துரைராசு எழுந்தார். கோலை வாங்கி வயிற்றில் ஊன்றி, வளைத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

வாசல் பக்கம் திரும்பி, களத்துமேட்டில் ஆள் கூப்பிடுகிற குரலில் கத்தினார்.

"டேய் வைரக்கண்ணு! இந்தக் கோலை எடுத்து வண்டியில வைடா!"

ஜெக்கரியாவுக்கு உயிர் போய்த் திரும்பியது. டிரைவரைக் கூப்பிடுகிறார். அவனுக்கும் இதே பெயர் போலிருக்கிறது. இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு வைரக்கண்ணு.

"தோ வந்துட்டேன் ஆண்டே!"

சாக்குகள் சரிந்தன. மூங்கில்களுக்குப் பின்னால் எழுந்து நின்றான் வைரக்கண்ணு. கண் இன்னும் திறக்கவில்லை. கை மட்டும் தோள் துண்டை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தது. இனி எவனையும் ஆண்டே என்று கூப்பிடாதீர்கள் என்று தெருத் தெருவாகப் போய்ச் சொன்னவன்.

ஜெக்கரியா வாசலைப் பார்த்தார்.

காரில் யாரும் இல்லை. துரைராசு தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.