நூற்றைந்தும் ஏழும்

பதிலை எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தாள் சுபஸ்ரீ.

105உம் 7உம்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஷிபானா டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

கணக்கு ஒன்றும் மலையைப் புரட்டுகிற கணக்கில்லை. அடுப்புக்கு மேலே ஒரு கம்பில் ஏழு பூண்டுக்கட்டு தொங்குகிறது. பதினாறு கம்பில் மொத்தம் எத்தனை கட்டு? இந்தக் கவுஞ்சி மலைக்கிராமத்தில் எந்த வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்தாலும் இந்தக் கணக்கு புகையில் காய்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடட்டும் என்றுதான் ஆப்பிளையும் ஆரஞ்சையும் விட்டுவிட்டுப் பூண்டுக்கு வந்திருந்தாள் டீச்சர்.

"டீச்சர், அவளுக்குத் தெரியும் டீச்சர். வேணும்னே பண்றா," என்றான் அஜித்குமார்.

அது டீச்சருக்கும் தெரியும். அந்த மூன்றாம் வகுப்பில் சுபஸ்ரீயை அடித்துக்கொள்ள ஆளில்லை. எட்டாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஒன்பதைத் தலைகீழாகச் சொல்வாள். ஏழில் மட்டும் ஒரு கிறுக்கு. பதினைந்தேழு நூற்றைந்து வரை மூச்சு விடாமல் ஓடிவந்து, கப்பென்று வாயை மூடிக்கொள்வாள்.

பாக்கி இருப்பது ஒரே ஒரு வரி. சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் எல்லா வாய்ப்பாடும் பதினாறோடு முடிகிறது.

கொஞ்சிப் பார்த்தாயிற்று. திட்டியும் பார்த்தாயிற்று. தேன்மிட்டாய்க்குக்கூட அசையவில்லை.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அதிகாரி வருகிறார். நன்றாகப் படிக்கிற பிள்ளையைக் கூப்பிடச் சொல்வார். இவள் போய் 105உம் 7உம் என்று எழுதிவிட்டு நின்றால், செண்பகனூரிலிருந்து விடியுமுன் கிளம்பி இரண்டு வருஷமாகப் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வருகிற பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

ஆனாலும் அவளை அதட்ட மனசு வரவில்லை. சுபஸ்ரீயின் பின்னல் ஒன்று காதுக்கு மேலும் ஒன்று தோளுக்குக் கீழுமாகக் கிடந்தது. அப்பா பின்னிவிட்டது. அம்மா பாண்டிச்செல்வி திருப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. முதல் மூன்று மாதம் போன் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. ஊர்க்காரர்கள் அதைப் பேசிப் பேசி, பேசுவதையும் விட்டுவிட்டார்கள். சுபஸ்ரீதான் இன்னமும் பஸ் வந்து திரும்புகிற சத்தம் கேட்டால் வாசலை ஒரு பார்வை பார்ப்பாள்.

டீச்சர் அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"நீ சொல்லலைன்னா நாளைக்கு டீச்சரத்தான் திட்டுவாங்க. எனக்காகச் சொல்லு, கண்ணு."

சுபஸ்ரீ டீச்சரைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடியும் டீச்சரைப் பார்த்தாள். உதடு கோணியது.

"பதினாறேழு," என்று எச்சிலை விழுங்கினாள். "நூத்திப் பன்னெண்டு."

கைதட்டலில் தகரக்கூரை அதிர்ந்தது. அஜித்குமார் விசில்கூட அடித்துவிட்டான். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இதற்கா இத்தனை நாள் பாடு!

பிள்ளை அணைப்பில் நிற்கவில்லை. நழுவிப்போய் வாசலில் நின்றாள். வெளியே பனி இறங்கியிருந்தது. பள்ளிக்கூடத்துக் கம்பிக்கதவுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"முடிச்சிட்டேன் டீச்சர். அம்மா வரலையே."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்கதான சொன்னீங்க. ஏழாம் வாய்ப்பாட்ட நான் முழுசாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அம்மா வந்துரும்னு."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. டீச்சர் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் வாரம். இதே வாசலில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஓயாமல் அழுதுகொண்டு நின்றது. எப்படியாவது அழுகையை நிறுத்தினால் போதும் என்று, சுவரில் கைக்கு எட்டிய வாய்ப்பாட்டுத் தாளைக் காட்டி ஏதோ சொல்லிவைத்தாள். பிள்ளை அழுகையை நிறுத்தியது. டீச்சர் மறுநாளே அதை மறந்துபோனாள்.

இரண்டு வருஷமாக அந்த ஒரு வரியைச் சொல்லாமல் அம்மாவுக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது இந்தப் பிள்ளை. அதையும் இன்று பிடுங்கியாயிற்று.

டீச்சர் எழுந்து சாக்பீஸை எடுத்தாள்.

"முடியலடி தங்கம். அந்தத் தாளுதான் முடிஞ்சிருக்கு."

17 × 7 என்று எழுதினாள். சுபஸ்ரீ மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல் விட்டு எண்ணி, 119 என்று எழுதினாள். டீச்சர் 18 எழுதினாள். பிள்ளை 126 எழுதினாள். பத்தொன்பது. இருபது.

பலகையில் இடம் குறைந்துகொண்டே வந்தது.

"இது எதுவரைக்கும் போகும் டீச்சர்?"

டீச்சர் அவள் பக்கம் திரும்பாமல், எழுத்தைச் சின்னதாக்கி, அடுத்த வரியை எழுதினாள்.