கீழத்தெருப் பதுங்கு குழி

"ஏலே, சீனாக்காரன் இமயமலையில நிக்கான். நம்ம ஊருக்கு அவன் எதுக்குலே வாரான்?"

ஊர்க் கூட்டத்தில் கேட்டவர் சங்கையா. ஆமத்தூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கிராமத்தில் பருத்தி நிலத்தில் பாதி அவருக்கு. மீதி அவருடைய பங்காளி கண்ணுச்சாமிக்கு.

பதில் சொல்ல வேண்டியவன் ஊர்க்காவலன் என்ற பேருடைய கீழத்தெருக்காரன். பட்டாளத்தில் பாலம் கட்டி, பாதை போட்டு, குழி வெட்டி, ஓய்வு பெற்று வந்தவன்.

"அவன் எதுக்கு வரணும் மொதலாளி? பிளேன் வந்தாப் பத்தாதா? சிவகாசி பூராம் வெடிமருந்து. மேல இருந்து ஒண்ணு போட்டான்னா நம்ம ஊர் வரைக்கும் தீபாவளிதான். பதுங்கு குழி வேணும்."

1962, ஐப்பசி மாதம். ரேடியோவைத் திறந்தாலே சண்டைச் செய்தி. கூட்டம் வானத்தை அண்ணாந்து பார்த்தது.

"எங்கன வெட்டணும்கிற?" என்றார் சங்கையா.

"கம்மாய்க் கலுங்குல ஆரம்பிச்சு, உங்க ரெண்டு பேரு நெலத்து வழியா, எங்க ஊருணி வரைக்கும்."

"எங்க நெலத்து வழியாவா?" சங்கையா துள்ளினார்.

துள்ளாமல் என்ன செய்வார்? கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக ஓடைக்கு வீணாய்ப் போகிற தண்ணீரை ஊருணிக்குத் திருப்ப ஒரு வாய்க்கால் வேண்டும் என்று கீழத்தெரு எத்தனையோ தடவை கேட்டுவிட்டது. 'எவனாவது மண்வெட்டியோட வரப்புல கால் வச்சா கோர்ட்டுக்கு இழுப்பேன்' என்று சங்கையா சொல்லிவிட்டார். கண்ணுச்சாமி வாயே திறக்கவில்லை.

அந்தத் தெருப் பெண்கள் பட்டாசுக் கம்பெனியில் வேலை முடித்து, முழங்கை வரை மருந்து வெள்ளி மாதிரி ஒட்டியிருக்க பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். கழுவத் தண்ணீர் இருக்காது. அதே கையோடுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். ஊர்க்காவலன் மனைவி இருளம்மாளின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் ஊர்க்காவலனுக்குச் சீனாக்காரன் ஞாபகத்துக்கு வந்தான். விஷயம் கீழத்தெருவுக்கு மட்டும் தெரியும்.

கண்ணுச்சாமி எழுந்தார்.

"நாடே ரத்தம் சிந்துது. நம்ம ரெண்டு முழம் நெலம் தரமாட்டோமா? என் நெலத்துல தாராளமா வெட்டு. தம்பி, நீ தேசத்துக்கு இல்லைங்கிறியா?"

ஊரே சங்கையாவைப் பார்த்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

'ஏமாளி மனுசன்' என்று ஊர்க்காவலனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

வெட்டு ஆரம்பமானது. பொழுது சாயும்போதெல்லாம் ஒத்திகை வேறு. கம்பெனியில் வாங்கி வந்த அணுகுண்டு வெடியை ஊர்க்காவலன் கொளுத்துவான். 'டமார்' என்றதும் எல்லாரும் குழிக்குள் குதிக்க வேண்டும். முதலில் குதிப்பவர் கண்ணுச்சாமிதான். வேட்டியில் மண்ணோடு, "பாரத் மாதாக்கி..." என்று உள்ளேயிருந்து முழங்குவார். மேலே பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒரு நாள் ஊர்க்காவலன் குழிக்குள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் கண்ணுச்சாமி!

"என்னடே பண்ணுத?"

"பு... புழுதி அடங்கட்டும்னு, மொதலாளி."

"ம்ம்" என்று போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். குழி வெட்டி முடிந்தது என்று எல்லாரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக் கிளம்பிய நேரத்தில் கண்ணுச்சாமி வந்து நின்றார்.

"இந்தப் பருத்திக்காட்டுப் பக்கம் ஆழம் பத்தாது. இன்னும் வெட்டுங்க."

"மொதலாளி, பாறை மாதிரி கெட்டித் தரை..."

"ஆள் பதுங்கினா தலை தெரியும்லே! வெட்டு!"

குடையைப் பிடித்துக்கொண்டு பொழுது இறங்கும்வரை நகரவில்லை. ஓய்வு நாளும் போயிற்று, கையும் கொப்புளித்தது. "இந்த மனுசன் வெளங்குவாரா?" என்று இருளம்மாள் மண்ணை வாரித் தூற்றாத குறைதான்.

கார்த்திகையில் சண்டை நின்றது. கூடவே மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிறைந்து, கலுங்கு வழிந்து, பதுங்கு குழிக்குள் இறங்கிய தண்ணீர் கீழத்தெரு ஊருணியில் போய்ச் சலசலவென்று விழுந்தது. பெண்கள் கையைக் கழுவினார்கள், கழுவினார்கள், கழுவிக்கொண்டே சிரித்தார்கள்.

குழிக்கரையில் நின்ற கண்ணுச்சாமியிடம் சங்கையா ஆட்களோடு ஓடி வந்தார்.

"ஏமாத்திட்டான் அண்ணே! வாய்க்கா வெட்டியிருக்கான்! சண்டைதான் நின்னுபோச்சே, மூடுங்கலே குழிய!"

மண்வெட்டிகள் உயர்ந்தன. இருளம்மாள் குழந்தையோடு குழிக்குள் இறங்கி நின்றாள்.

கண்ணுச்சாமி குடையை மடக்கினார்.

"மூடிருவோம் தம்பி. ஆனா சண்டை நின்னிருக்கு, முடியல. சீனாக்காரன் நாளைக்கே திரும்பி வந்தா, குழிய மூடினது ஆருன்னு சர்க்கார்ல கேப்பாக. உன் பேரையே சொல்லட்டா?"

சங்கையா மண்வெட்டிகளை இறக்கச் சொல்லி, ஆட்களோடு திரும்பிப் போனார்.

ஊர்க்காவலன் கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிக்கணும் மொதலாளி. உங்களையும் சேர்த்து ஏமாத்திட்டேன்."

"ஆர்லே ஏமாந்தது? எந்தப் பட்டாளத்துலலே பதுங்கு குழிக்குத் தண்ணி ஊத்தி வாட்டம் பாக்காங்க? அதுவும் என் காட்டுல மேடு தட்டுச்சு, நீ கவனிக்கல. அன்னைக்கு நான் வெயில்ல நின்னு வெட்டச் சொல்லலைன்னா, இந்தத் தண்ணி என் பருத்திக்குள்ளயே நின்னிருக்கும்."

ஊர்க்காவலன் இன்னொரு கும்பிடு போட்டான். இருளம்மாள்தான் விடவில்லை.

"அம்புட்டும் தெரிஞ்சா, நாங்க வாய்க்கா கேட்டப்பவே தாரேன்னு சொல்லியிருக்கலாமே, மொதலாளி?"

கண்ணுச்சாமி சங்கையா போன திசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பங்காளிக்குப் பயந்து பதுங்க எனக்கும் ஒரு குழி வேணும்லா, தாயி!"