சாம்பல் கோடு

"யாரு இவன், எனக்கு முன்னாடி ஓடிக்கிட்டிருக்கான்?"

மெக்கானிக் மடிக்கணினித் திரையில் விரலை வைத்துக் கேட்டார். கீழே ஒரு பச்சைக் கோடு தவழ்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, கொஞ்சம் திமிராகவே, ஒரு சாம்பல் நிறக் கோடு.

"பச்சை நீங்க. சாம்பல் உங்களோட போட்டி போடுற ஆளு." மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்த மனைவி சொன்னாள்.

"பேரு போடலையே?"

"பேரு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க, பொண்ணா குடுக்கப் போறீங்க? படிக்கிற வழியைப் பாருங்க."

லிஃப்ட் மெக்கானிக்காகவே பாதி ஆயுளைக் கழித்த மனிதர் அவர். லிஃப்ட் ஆய்வாளர் தேர்வு எழுத அவருக்கு இந்த வருடத்தோடு வயது முடிகிறது. போன வருடம் எழுதிக் கோட்டைவிட்டார். இந்த முறையும் விட்டால், ஓய்வு பெறும்வரை லிஃப்டுக்கு அடியில் இருக்கிற இருட்டுக் குழிக்குள் இறங்கி கிரீஸ் தடவ வேண்டியதுதான். முழங்கால் வேறு இப்போதே மக்கர் பண்ணுகிறது.

போன முறையும் இதே இணையதளத்தில்தான் படித்தார். பாடத்தைத் திறப்பார், மூடுவார், அவ்வளவுதான். எவ்வளவு படித்தோம், மாதிரித் தேர்வில் எப்படிச் செய்தோம் என்று வாரா வாரம் கோடு போட்டுக் காட்டும் டாஷ்போர்டு பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. இந்த முறை மனைவியே உட்கார்ந்து ஏதேதோ தட்டி, அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் மூஞ்சிக்கு நேரே வைத்துவிட்டாள்.

சாம்பலைப் பார்த்த நாளிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலைக்கு நடுவில் ஓய்வு கிடைத்தால் மோட்டார் அறையில் கருவிப்பெட்டி மேலேயே உட்கார்ந்து செல்போனில் பாடம் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே முதல் கேள்வி கிளம்பும்.

"சாம்பல் எங்க இருக்கான்?"

"இன்னும் மேலதான். பாதுகாப்பு விதியை முழுசா முடிச்சிட்டாரு."

"முடிச்சிட்டாராம்! அவனுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு?"

"என்னவோங்க, எனக்கு அவன் இவன்னு பேச வாய் வரல."

"வேலைவெட்டி இல்லாதவனா இருப்பான். இரு, இரு, அவனை என்ன பண்றேன் பாரு."

சாப்பாட்டுத் தட்டோடு மடிக்கணினி முன் போய் உட்கார்ந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று டிவி ரிமோட்டைத் தொடவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீடே அதிர்ந்தது.

"ஏய், இங்க வாயேன்! சீக்கிரம் வா!"

மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். பச்சைக் கோடு சாம்பலைத் தொட்டு, ஒரு நூல் மேலே ஏறி நின்றது.

"தாண்டிட்டேன்! பாத்தியா, மின்சுற்றுக் கணக்கு வந்ததும் அப்படியே படுத்துட்டான். வெறும் ஆரம்ப சூரன்!"

"அப்படிங்களா?"

"பின்ன? கஷ்டமான பாடம் வந்தா தலைவலின்னு போர்வையை இழுத்துப் போர்த்திக்கிற ஜாதி. இந்த மாதிரி சோம்பேறிங்களை எனக்குத் தெரியாதா? இவனைக் கட்டிக்கிட்ட மகராசி யாரோ, பாவம்!"

மனைவிக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தட்டி அடக்கினாள்.

"பாவம்தாங்க. ரொம்பப் பொறுமைசாலியா இருக்கணும்."

நடுவில் ஒரு கண்டமும் வந்தது. புதுக் கட்டடம் ஒன்றில் ஓயாத வேலை. உடம்பு அடித்துப்போட்டாற்போல ஆகி, புத்தகத்தைத் தொடவே முடியவில்லை. பச்சைக் கோடு மேலே ஏறாமல் அப்படியே படுத்துவிட்டது. சாம்பல் கீழேயிருந்து மெல்ல நெருங்கியது.

"போதும். எனக்கு இந்த வயசுல இதெல்லாம் ஏறாது. விட்டுடு."

"சரி, விட்டுடுங்க. சாம்பலே ஜெயிச்சிட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான். மெக்கானிக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு கணக்கை எடுத்தவர், அதற்குப் பிறகு தேர்வு நாள்வரை சாம்பலைத் தலைதூக்க விடவில்லை.

முடிவு வந்த அன்று மாலை, அவர் பதிவெண்ணை ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்துத் தட்டினார். மனைவி பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஒரே ஒரு சொல் வந்தது.

தேர்ச்சி.

அவர் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, சமாசாரம் தெரிந்ததும் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

"இனிமே குழிக்குள்ள நான் இறங்க வேண்டாம்! இறங்குறவன் ஒழுங்கா வேலை பாத்தானான்னு மேல நின்னு பாக்குறதுதான் என் வேலை!"

அவர் சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். அவளும்தான். சந்தோஷத்தில் அவருக்கு மனசு ரொம்பப் பெரிதாகிவிட்டது.

"அந்தச் சாம்பலை எவ்வளவு திட்டிட்டேன்! அவன் இல்லேன்னா நான் படிச்சே இருக்க மாட்டேன். அவன் பாஸா, ஃபெயிலா? எப்படியாவது பாத்துச் சொல்லேன். கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை பேசணும்."

"ஃபெயில்ங்க."

"அடப்பாவமே! உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணால பாத்தேனே." மனைவி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "ரிசல்ட் வந்த அன்னிக்குச் சாப்பாடே வேண்டாம்னுட்டு, இதோ இந்தக் கட்டில்லதான் சுவரைப் பாத்துப் படுத்துக் கிடந்தாரு. அது போன வருஷம் நீங்க படிச்ச கோடுங்க!"