குளத்தங்கரைக்கு மூன்றாவது அழைப்பு

ஜனவரி இருபத்தைந்து, மாலை நாலரை மணி. தில்லி அலுவலகத்தின் ஜன்னலில் வெயில் நீர்மோர் போல் வெளுத்துக் கிடக்கிறது. பத்மஸ்ரீக்குத் தேர்வானவர்களிடம் சம்மதம் கேட்கும் வசுமதி, ஹீட்டர் பக்கம் காலை நீட்டியபடி, அதே எண்ணை மூன்றாவது முறையாக அழுத்துகிறாள். பட்டியலில் செல்லத்தாய் ஒருத்திக்குத்தான் இன்னும் டிக் விழவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் குளமொன்றில் நாற்பது வருடமாகப் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருபவள். இரண்டு முறையும் “ஓடிபி எல்லாம் தரமாட்டேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

“ஓடிபி வேண்டாம்மா. அரசாங்க விருது. வாங்கிக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“பிள்ளையெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கு. கரையேறட்டும், பேசுதேன்.”

போனைக் கல்லின் மேல் வைக்கும் சத்தம். வாசலில் மேலதிகாரி கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார். ஐந்து மணிக்குள் சம்மதம் வராவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டும். “ஜல்தி, மேடம்!” வசுமதி ஸ்பீக்கரைப் போடுகிறாள். தண்ணீர் அடிபடும் ஓசையும் சிறுமிகளின் கூச்சலும் ஃபைல்களுக்கு நடுவே வந்து நிறைகின்றன. “பதினாறு... பதினேழு... ஏட்டி, மாரி எங்கட்டி?” அறை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. தமிழ் தெரியாத மேலதிகாரியின் விரல்கூடக் கடிகாரத்தின் மேல் அப்படியே நிற்கிறது. வசுமதி மட்டும் நிதானமாகப் பேனாவின் மூடியைக் கழற்றுகிறாள்.

“பதினெட்டு!”

போனை எடுக்கும் சத்தம்.

“எல்லாம் ஏறியாச்சு. சரி, தந்தா வாங்கிக்கிடுதேன். எதுக்குன்னுதான் நீ சொல்லலியே, தாயி?”