ஒன்பதாம் இணைப்பு

சாதாரணக் கணினி நினைவகத்திடம் இடத்தைச் சொன்னால், அங்கே என்ன இருக்கிறதென்று சொல்லும். எங்கள் அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச்சுக்குள் இருப்பது நேர்மாறு. கணினியின் எண்ணைக் கொடுத்தால் போதும், அது எந்த இணைப்பில் இருக்கிறதென்று சொல்லிவிடும். ஐந்து நிமிஷம் பேசாமல் கிடக்கும் கணினியை மறந்தும்விடும்.

புது ஸ்விட்ச் வந்தது. சோதித்துப் பார்க்க, எனக்கு மனப்பாடமாக இருந்த ஒரே எண்ணைக் கொடுத்தேன். போன வருஷம் இறந்துபோன அண்ணனுடைய கணினியின் எண். அதை உடைத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டவனே நான்தான். "இல்லை" என்று வர வேண்டும். பதினான்கு என்று வந்தது.

பதினான்காம் இணைப்பில் கேபிளே இல்லை. ஒரு மண்ணும் புரியவில்லை. புதுசுக்குப் புத்தி பேதலித்துவிட்டது போல என்று மறுபடி கேட்டேன். இப்போது ஒன்பது என்றது. ஒன்பது, கீழ்த்தளத்தில் வேலை பார்க்கும் அண்ணியின் மேஜை.

அந்தக் கேபிளில் கை வைத்தபடியே அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, உங்க மேஜைல வேற கம்ப்யூட்டர் ஏதாச்சும் மாட்டியிருக்கா?"

"இல்லையே."

பிறகு அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"கேபிளப் புடுங்கிடாத தம்பி. நாங்க இன்னும் பேசி முடிக்கல."