ஒட்டுப் பல்

“இதை வாயில வச்சுக்கிட்டு எவனாவது சிரிப்பானா? வாயைப் பொத்திக்கிட்டு ஓடுவான்!”

இயக்குநர் அந்தக் கடைவாய்ப் பல்லை இடுக்கியால் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்திருந்தார். அவர் கத்திய கத்தலில் ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைச் ‘சுத்தியல்’ என்பார்கள். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் உடைத்துத்தான் திருப்பித் தருவார். அதிலும் போன மாதம் ஈறு தளர்ந்து ஒரு பல்லைப் பறிகொடுத்ததிலிருந்து, ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்கிற எரிச்சலையும் சேர்த்து மற்றவர்கள் தலையில் இறக்கிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா பசைக்காரி, பேச்சையே காணோம்?”

அவர் அப்படிக் கூப்பிட்டது, சொத்தைக் குழியை அடைக்கும் பசையைச் செய்துகொண்டிருந்த ஆய்வாளரை. அவளுக்கு உள்ளே கொதித்தது. ஆனால் இன்று வாய் கொடுக்க முடியாது. பசை தோற்றால் அறையைப் பூட்டிவிட்டு அவளும் அவள் தோழியும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

சாதாரணப் பசையில் உள்ள சங்கடம் இதுதான். குழியில் வைத்து நீல ஒளியைக் காட்டினால் அது கல்லாக இறுகும்; இறுகும்போது துளியளவு சுருங்கும். சுருங்கினால் பல்லின் சுவரை விட்டு மயிரிழை விலகும். அந்த இடுக்கில் தேநீர்க் கறை இறங்கி, ஒட்டுப் போட்ட இடத்தில் கோடு விழும்.

அவளுடைய பசை சுருங்காது. பல்லுக்கு உள்ளே மஞ்சள், மேலே பனிக்கட்டி மாதிரி ஒளியை உள்ளே விடுகிற உறை. பசையையும் அதே போல இரண்டு அடுக்காக வைத்திருந்தாள்.

தட்டில் எட்டுப் பற்கள். நான்கில் அவளுடைய ஒட்டு; மீதி நான்கு, யாரும் கைவைக்காத பிறவிப் பற்கள். எல்லாவற்றையும் சுடுநீரிலும் குளிர்நீரிலும் மாறி மாறி முக்கி, தேநீரில் ஊறப்போட்டு, வேர் தெரியாமல் தனித்தனி பிளாஸ்டர் கட்டியில் நட்டு, தோழி கலைத்து வைத்திருந்தாள். எந்தப் பல் எங்கே இருக்கிறது என்பது ஆய்வாளருக்கே தெரியாது. கட்டியின் அடியில் ஒட்டுப் பல்லுக்குச் சிவப்புப் புள்ளி, பிறவிப் பல்லுக்குப் பச்சை. எது ஒட்டு என்று இயக்குநர் பார்த்தே கண்டுபிடித்துவிட்டால் பசை தோற்றது.

இப்படிச் சோதிக்கப் பற்கள் கிடைப்பதே பெரும்பாடு. ‘இந்தக் கட்டடத்துல எவன் பல்லு விழுந்தாலும் அது நம்ம ஆய்வகத்துக்குத்தான்’ என்று கீழ்த்தளத்துப் பல் மருத்துவரிடம் சுத்தியலே சொல்லி வைத்திருந்தார்.

“கொஞ்சம் உருப்பெருக்கியில வச்சுப் பாருங்க சார்.”

“எதுக்கு? என் கண்ணு அவிஞ்சா போச்சு? குறுக்கால ஒரு கோடு ஓடுதே, தெரியல? நிறமாவது சேருதா? குளியலறையில ஊறிக் கிடந்த சோப்பு மாதிரி இருக்கு!”

அவளும் எட்டிப் பார்த்தாள். கோடு இருந்தது. நல்ல பழுப்புக் கோடு. அவர் மேல் இருந்த கோபம் சட்டென்று தன் மேலேயே திரும்பியது. எந்த அடுக்கில் கோட்டை விட்டோம்? எங்கே சுருங்கியது?

“மீதி ஏழையும் பாத்துட்டுச் சொல்லுங்க சார்,” என்றாள் தோழி.

“மீதியெல்லாம் பல்லு மாதிரி இருக்கு. இது ஒண்ணுதான் மானத்தை வாங்குது. இது ஒட்டு. அடிச்சுச் சொல்றேன், ஒட்டு! நாளைக்குச் சாவியைக் கொடுத்துட்டுப் போங்க.”

“அப்ப திருப்பிப் பாத்துருங்க.”

அவர் கட்டியைத் தலைகீழாகத் திருப்பினார். பச்சை.

அவர் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார்.

“பச்சைன்னா?”

“ஒட்டு இல்ல சார்,” என்றாள் ஆய்வாளர். “நாங்க அதுல கையே வைக்கல. கடினமானதைக் கடிச்சுக் கடிச்சு வயசான பல்லுல விழுற கீறல் அது. அதுலதான் கறை இறங்கியிருக்கு. எங்க ஒட்டு நாலும் அந்தத் தட்டுலதான் இருக்கு. நீங்கதான் பல்லு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டீங்களே!”

சுத்தியலின் முகம் கறுத்தது. தோற்றதை ஒத்துக்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை. மனிதர்கள் மேல் காட்ட வழியில்லாத கோபம் பல்லின் மேல் பாய்ந்தது.

“ஆராய்ச்சிக்கு இந்தக் குப்பையைத்தான் பொறுக்கிட்டு வருவீங்களா? பல்லு விளக்குற பழக்கமே இல்லாத ஜென்மம்! எந்தக் கழிசடை வாயிலேர்ந்து பிடுங்கினது இது?”

ஆய்வாளர் தோழியைப் பார்த்தாள். தோழி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பச்சைப் புள்ளி வைத்த நான்கில் மூன்று முன்பற்கள். கடைவாய்ப் பல் ஒன்றே ஒன்றுதான். மருத்துவர் கொண்டுவந்து கொடுத்தபோது அது யாருடையது என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“கேக்குறேன்ல? யாரு வாயி?”

“உங்க வாயிதான் சார்.”